மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ்: மன்னார்க் கரையிலும் வடக்கிலும் பழைய கார்களைப் பேணிய வரலாறு

இலங்கையின் வடமாகாணத்தில் இன்றும் வீதியில் ஓடுகின்ற ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் முதலிய பிரித்தானிய மோட்டார் கார்கள், சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கினால் தப்பிப் பிழைத்தவை அல்ல. இறக்குமதிக் கட்டுப்பாடும் பொருளாதாரத் தடையும் போரும் இடப்பெயர்வும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த நிலத்தில், கையிலிருந்த வண்டியைக் கைவிட்டால் வேறொன்று வாங்க வழியில்லாத குடும்பங்களும் சாரதிகளும் வீட்டு முற்றத்து மர நிழலில் அவற்றைக் கழற்றிப் பூட்டியதால் தப்பியவை. மேற்கு நாடுகளில் பழைய காரைப் புதுக்குவது ஓய்வுநேரக் கலையாக வளர்ந்த அதே காலத்தில், இங்கே அது பிழைப்பின் ஒரு பகுதியாக இருந்தது என்பதை மனத்திற் கொண்டால்தான், இந்த வண்டிகளின் உடம்பில் இன்று காணப்படும் ஒட்டுகளையும் மாற்றங்களையும் சரியாக வாசிக்க முடியும்.

இந்த வரலாற்றை யாழ்ப்பாணத்து வாடகைக் கார்த் தரிப்பிடத்திலிருந்து சொல்வதே வழக்கம். ஆனால் மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலப்பரப்பில், திருக்கேதீச்சரத்துக்குக் கிழக்கேயும் உயிலங்குளத்துக்கு வடக்கேயும், கட்டுக்கரைக்குளத்து நீரால் நெல் விளைகின்ற அடம்பனிலிருந்து பார்க்கும்போது வேறு சில செய்திகள் துலங்குகின்றன. தகரத்தை அரிக்கும் உப்புக் காற்று, மண்ணெண்ணெய் இயந்திரங்களோடு பழகிய வயலும் கடலும், உதிரிப்பாகங்களை மறித்த சோதனைச் சாவடி, வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடச்செய்த இடப்பெயர்வு ஆகிய யாவும் சில மைல் சுற்றளவுக்குள் வந்து சேர்ந்த இடம் இது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடலாம். பிரித்தானியச் சேகரிப்பாளர் வழக்கில் வின்ரேஜ் என்பது முதலாம் உலகப் போர் முடிந்த பின் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களையே குறிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கார்கள் கிளாசிக் என்ற வகுப்பில் அடங்கும். இலங்கையின் வடக்கில் எஞ்சியிருக்கும் பழைய கார்களிற் பெரும்பாலானவை 1940களின் பிற்பகுதிக்கும் 1960களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை ஆதலால், ஊர்ப் பேச்சில் அவற்றை வின்ரேஜ் என்று சொன்னாலும் அவை இந்த இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவையே.

இவை இவ்வளவு எண்ணிக்கையில் இங்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் இலங்கையில் இல்லை, பிரித்தானியாவின் கடனில் இருக்கிறது. போரினால் வெறுமையான கருவூலத்தை நிரப்ப வேண்டியிருந்த பிரித்தானிய அரசு, ஏற்றுமதி செய்யும் அளவைப் பார்த்தே தொழிற்சாலைகளுக்கு உருக்கைப் பங்கிட்டது. ஆகவே ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் தம் நாட்டு மக்களைக் காத்திருக்க வைத்துவிட்டுக் குடியேற்ற நாடுகளின் சந்தைகளுக்குக் கார்களை அனுப்பின. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவன், 1952இல் அதன் இடத்தைப் பிடித்த சமர்செற், 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட மொறிஸ் மைனர், 1954 முதல் வந்த கேம்பிரிட்ஜ் வரிசை, மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவை கொழும்பு வழியாக வடக்கின் வைத்தியர்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள், மலேயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் ஆகியோரின் வீட்டு முற்றங்களுக்கு வந்தன. சொந்தக்காரர் முதுமையடைய, அவை வாடகைச் சாரதிகளின் கைக்கு இறங்கின.

அவற்றின் இலக்கத் தகடுகளிலேயே அரசியல் வரலாறு பதிந்திருக்கிறது. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த சீஎல், ஈஎல், ஈஎன் போன்ற இரட்டை எழுத்துகளை முன்னிட்டு இலக்கமிடும் முறை, 1950களின் பிற்பகுதியில் சிங்கள எழுத்தில் எழுதப்பட்ட ஸ்ரீ என்னும் குறியால் மாற்றப்பட்டது. தமிழரசுக் கட்சி இதை எதிர்த்து நடத்திய ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தில், 1958 ஜனவரி முதலாந் திகதி தேசியமயமாக்கப்பட்ட போக்குவரத்துச் சபையின் புதிய பேருந்துகள் வடக்குக்கு வந்தபோது அவற்றின் இலக்கத் தகடுகளில் தார் பூசப்பட்டது; தெற்கில் அதற்கு மறுமொழியாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது; அவ்வாண்டு ஏப்ரலில், பிரதமர் பண்டாரநாயக்க தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு செய்திருந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டு, மே மாதத்தில் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. ஸ்ரீ குறி வருமுன் பதிவான மொறிஸ் மைனர்கள் இந்தச் சண்டைக்கு வெளியே, பழைய ஆங்கில எழுத்துகளோடு ஓடிக்கொண்டிருந்தன. இன்று சேகரிப்பாளர்கள் அந்த ஆங்கில எழுத்துத் தகட்டைப் பழைமையின் அழகாக மட்டும் மதித்து விலை கூட்டுகிறார்கள். ஒரு காலத்தில் எந்த எழுத்து என்பதற்காகத் தெருவில் இரத்தம் சிந்தியது என்பது விலைப்பேச்சில் இடம்பெறுவதில்லை.

1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை காரணமாகத் தனியார் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் அந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. ஆகவே 1960இல் ஐந்து வயதான கார் ஒன்று 1977இல் சந்தை திறக்கப்பட்டபோது இருபத்திரண்டு வயதாகியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வடக்குக்கு மட்டும் உரிய துயரம் அல்ல இது. கொழும்பிலும் கண்டியிலும் இதே நிலைதான். ஆனால் 1977க்குப் பிறகு தெற்கில் ஜப்பானியக் கார்கள் பெருகியபோது, வடக்குக்கு அந்த மாற்றத்தை அனுபவிக்கக் கிடைத்தவை ஆறே ஆண்டுகள். போர் தொடங்கிய 1983க்குப் பின் யாரும் புதுக் காரைப் பற்றி அமைதியாக யோசிக்கும் நிலையில் இல்லை.

இந்தக் கார்கள் வீட்டிலேயே பழுதுபார்க்கத் தக்கவையாக இருந்தமை ஒரு தற்செயல் அன்று. மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், செய்து முடித்த மாதிரி வண்டியின் அகலம் போதவில்லை என்று கண்டு, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அகலமே சரியென்று முடிவு செய்தார் என்பது மோட்டார் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. இயந்திர மூடியின் நடுவில் மேலெழுந்து ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். வெட்டி ஒட்டிப் பிறந்த இந்த வண்டி, பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான முற்றங்களில் வெட்டி ஒட்டப்பட்டது பொருத்தமே. அதன் இயந்திரத்தில் கணினியோ உணரியோ கிடையாது. காற்றையும் எரிபொருளையும் கலந்து கொடுக்கும் காபுரேற்றர், தீப்பொறியை நேரத்துக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ரிபியூற்றர், மின் உண்டாக்கும் டைனமோ ஆகிய மூன்றையும் கழற்றத் தெரிந்த ஒருவர், கையளவு ஸ்பானர்களோடும் ஒரு கூட்டாளியோடும் முழு இயந்திரத்தையும் வெளியே எடுத்துவிடலாம். கயிற்றுச் சகடையைத் தாங்க மரக்கிளை ஒன்று இருந்தாற் போதும்.

ஒஸ்ரின் ஏ40 இன் உடல் அமைப்பு இன்னொரு வகை. டெவனிலும் சமர்செற்றிலும் தனியான இரும்புச் சட்டகம், அதாவது சேசிஸ், அடியில் இருக்க, அதன்மேல் உடல் பொருத்தப்பட்டது. மைனரிலோ சட்டகம் தனியே இல்லாமல் தரையும் பக்கங்களும் கூரையும் சேர்ந்து ஒரே பெட்டியாக நின்று பாரத்தைத் தாங்கின. இந்த வேறுபாடு கரையோர ஊர்களில் மிக முக்கியமாகியது. சட்டகம் உள்ள காரில் கதவின் கீழ்த்தகடு உக்கினால் அது அழகுக் குறைவு. பெட்டியாக நிற்கும் காரில் அதே தகடு உக்கினால் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்து, கதவைத் திறந்தால் மீண்டும் மூட முடியாதபடி நடுவில் வளைந்துவிடும்.

மன்னாரின் காற்று இந்த உக்கலை விரைவுபடுத்தியது. தீவையும் எதிர்க்கரையையும் ஆண்டின் ஒரு பாதியில் சோளகமும் மறுபாதியில் வாடையும் கடல்நீரின் நுண்துளிகளோடு தழுவிச் செல்கின்றன. உப்பளங்களை நடத்தத் தக்க அளவுக்கு வெயிலும் உலர்ச்சியும் உள்ள கரை அது. இரும்பின் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய காப்புப் படலத்தை உப்பிலுள்ள குளோரைட் துளைத்து விடுவதோடு, இரவின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டை ஈரமாகவே வைத்திருக்கிறது. பகலில் காய்ந்து இரவில் நனையும் சுழற்சி தொடர்ந்தால் துரு மேலிருந்து தெரிவதற்கு முன்பே மடிப்புகளின் உட்புறத்தைத் தின்றுவிடும். ஆகவே இந்தக் கரையில் பழைய காரை வாங்க வருபவர் பெயின்றைப் பார்ப்பதில்லை. விரல் முட்டியால் கீழ்த்தகட்டைத் தட்டிக்கொண்டே போய், கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தில் நின்று, ஸ்குறூ டிரைவரின் முனையை அழுத்திப் பார்க்கிறார். உள்ளே இறங்கினால் விலை அங்கேயே குறைந்துவிடும்.

அப்படி உக்கிய இடத்தைத் திருத்தும் வேலையை இலங்கை முழுவதும் டிங்கர் வேலை என்பர். வண்டியின் நடுப்பகுதி தொய்யாதபடி அடியில் மரக்கட்டைகள் கொடுத்து, கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக வரும்வரை ஜாக்கியால் உயர்த்திய பின்னரே உக்கிய தகடு வெட்டப்படும். இந்த ஒழுங்கை மாற்றி, முதலில் வெட்டிப் பின் உயர்த்தியவர்களின் கார்களை, எத்தனை பூச்சுப் பூசினாலும் சாய்ந்த கதவைக் கொண்டே இனங்காணலாம். புதுத் தகடு கிடைக்காத காலத்தில் எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி விரித்துத் தட்டி நேராக்கிய தகரமே அந்த இடத்தை அடைத்தது. பீப்பாத் தகரம் காரின் தகட்டைவிடத் தடித்ததாக இருப்பது வழக்கமாதலால், ஒட்டு உக்குமுன் அதைச் சுற்றியுள்ள பழைய தகடு உக்கியது.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதும் அரசாங்கம் வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடை, இந்த வரலாற்றின் நடுமையம். பெற்றோலும் டீசலும் பற்றறியும் வாகன உதிரிப்பாகங்களும் இரும்பும் சீமெந்தும் தடைசெய்யப்பட்டன, மின்சாரம் நின்றது, சமையலுக்கும் விளக்குக்கும் என மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு அனுமதிக்கப்பட்டது. அந்த மண்ணெண்ணெயில் கார் ஓட்டுவதென்பது புதிய கண்டுபிடிப்பு என்று பலர் எழுதியிருப்பதுண்டு. உண்மையில் வடக்கின் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் அதை முன்பே அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் தோட்டத்துக்கு நீரிறைத்த சிறு இயந்திரங்களும், கரையோரப் படகுகளின் பின்னணியத்தில் பொருத்தப்பட்ட வெளியிணைப்பு இயந்திரங்களும் பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும் வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்திலும் பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, 1949 முதல், மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உழவு எரிபொருளில் இதே முறையில் ஓடும்படி விற்கப்பட்டது. கிணற்றடியும் கடலும் கற்றுத்தந்ததைக் காருக்கு மாற்றியதே தடைக்காலத்து மெக்கானிக்குகளின் திறமை.

ஏன் சூடேற வேண்டும் என்பதில் இதன் அடிப்படை அடங்கியிருக்கிறது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெயின் பெரும்பகுதி ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கும். குளிர்ந்த இயந்திரத்துக்குள் சென்ற மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே நின்று, தீப்பொறிக்கு மசியாது. எனவே பற்றவைக்க மட்டும் ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபுரேற்றருக்குள் சில துளிகள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடாகும்வரை கவனமாக ஓட்டி, பிறகே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தனர். பெற்றோல் கிடைத்தற்கரிய அந்நாட்களில் அந்தச் சிறு போத்தல், காரின் திறப்பைவிடப் பத்திரமாக வைக்கப்பட்ட பொருள். இடைவழியில் நிறுத்தினால் மீண்டும் சில துளி செலவாகும் என்பதால், சுமையேற்றும்போதும் ஆளிறக்கும்போதும் இயந்திரம் உறுமிக்கொண்டே நிற்கவிடப்பட்டது. வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் வாடையும் தெருவின் இயல்பாகின.

இது எல்லாக் கார்களுக்கும் இயலக் கூடியதாக இருக்கவில்லை. சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு அழுத்தப்படுகின்றன என்பதைக் குறிக்கும் அழுத்த விகிதம் மிகுந்தால், மண்ணெண்ணெய் தீப்பொறியின் சுவாலை வந்து எட்டுமுன்பே தானாகப் பற்றிக்கொண்டு, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். ஒஸ்ரின் ஏ40 இன் 1200 கனசென்ரிமீற்றர் இயந்திரத்திலும் மைனரின் 803 கனசென்ரிமீற்றர் இயந்திரத்திலும் இந்த விகிதம் ஏழு மடங்கைச் சற்றுக் கடந்ததே. 1952க்கு முந்திய மைனர்களின் 918 கனசென்ரிமீற்றர் பக்கவால்வு இயந்திரத்தில் அதைவிடக் குறைவு. 1977க்குப் பின் வந்த ஜப்பானியக் கார்களில் பெரும்பாலானவை எட்டரை, ஒன்பது மடங்கு அழுத்துபவை. சிலிண்டர் மூடிக்கு அடியில் இரட்டைக் கஸ்கற் வைத்து அழுத்தத்தைத் தணித்தும், தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்தும் அவற்றையும் ஓட்டலாம் என்றாலும், முப்பது வயதுக் கிழட்டு ஒஸ்ரினுக்கு அந்தச் சிகிச்சை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பழையது என்று ஒதுக்கப்பட்டவை புதியவற்றைத் தாண்டி ஓடியதற்கு விளக்கம் இதுவே. பழைய வண்டியின் வைரம் என்று ஊரில் சொல்லப்படுவது இந்த விகிதத்தைத்தான்.

அதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரோரமாகக் கீழிறங்கி இயந்திர எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் பெயரிங்குகளைக் காக்காது. எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் ஆபத்து என்று சாரதிகள் அறிந்து வைத்திருந்தனர். ஸ்பார்க் பிளக்குகளில் கரி அடைந்தது. தடைக்காலத்தைக் கடந்த இயந்திரம் ஒன்றை இன்று திறப்பவர், சிலிண்டர்களின் மேல்விளிம்பில் விழுந்த தேய்மானத்தையும் கிராங்கின் தேய்வையும் பார்த்து, அது எத்தனை காலம் மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும் என்று மதிப்பிடுவதுண்டு.

உதிரிப்பாகத்தின் கதை இன்னும் சிக்கலானது. வடக்கில் இரும்புச்சாமான் வணிகத்திலும் லொறிப் போக்குவரத்திலும் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரிது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்தும் யாழ்ப்பாண நகரத்திலிருந்தும், மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டவர்களின் உடைமைகளோடு, எந்தப் பழைய வண்டியின் எந்தப் பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்ற அறிவும் போய்விட்டது. தடையைப் பற்றிப் பேசும் நூல்கள், அந்தத் தடைக்காலத்திலேயே நடந்த இந்த இழப்பைத் தனிக் கதையாக ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஒரு சமூகத்தின் கைத்தொழில் நினைவு அறுந்ததற்கு இரண்டும் சேர்ந்தே காரணம்.

1995–96இல் யாழ்ப்பாணக் குடாநாடு அரசுப் படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பின் தடையின் பாரம் குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள வன்னிப் பெருநிலத்துக்கு நகர்ந்தது. அடம்பன் அந்த வன்னியின் மேற்கு விளிம்பு. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் இடையிலான வாயில்களில் ஒன்று உயிலங்குளத்தில் அமைந்தமையால், அடம்பன் வாசிகளுக்கு ஒரு பற்றறியும் ஒரு ரயரும் வரும் வழியும் தடுக்கப்படும் இடமும் அதுவே. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி, ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் தெற்கின் உதிரிப்பாகங்கள் மீண்டும் வந்தன. அது நீடிக்கவில்லை. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2008 மே மாதத்தில் அடம்பன் படையினர் வசமானது. அதற்கு முன்னரே மக்கள் உழவு இயந்திரங்களிலும் லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரங்களிலும் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்திருந்தனர். அடுத்த ஓராண்டில் ஊர்ஊராக இடம்பெயர்ந்து, போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தப் பயணத்தில், எரிபொருள் தீர்ந்த இடத்திலெல்லாம் வண்டிகள் நின்றன. 2009 மேக்குப் பிறகு அதன் அருகே நந்திக்கடல் நீரேரியைச் சுற்றிய வெளிகளில் குவிந்து கிடந்த சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் கார்களும் பழைய இரும்பாகின. எந்தக் கஷ்டத்திலும் கைவிடப்படாதிருந்த வண்டிகள் முதன்முறையாகக் கைவிடப்பட்டது அங்கேதான்.

போருக்குப் பின் 2010இல் மன்னார்ப் பாலம் புதிதாகத் திறக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து, மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ32 வீதி உயிர்பெற்றது. பழைய கார்களைப் பேணுவதில் அப்போது ஒரு திருப்பம் நேர்ந்தது. மெக்கானிக்கின் கையில் முதன்முறையாகத் தெரிவு வந்தது: பழைய இயந்திரத்தைத் திருத்துவதா, வேறொன்றைப் பொருத்துவதா? தெற்கில் பல்லாண்டுகளாகவே நடந்துவந்தபடி, மைனரின் மூடிக்குள் நிசான் சன்னியின் ஏ வகை இயந்திரமும் ஐந்து கியர்ப் பெட்டியும், கேம்பிரிட்ஜின் மூடிக்குள் ஜப்பானிய டீசல் இயந்திரமும் ஏறின. இதைத் தூய்மைவாதிகள் கலப்படம் என்பர். ஆனால் 1952இன் இறுதியில் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஏ40 சமர்செற்றையும் பின்னர் ஏ50 கேம்பிரிட்ஜையும் தன் தொழிற்சாலையில் பொருத்தித்தான் நிசான் நவீன காரைக் கற்றுக்கொண்டது. அந்த ஒஸ்ரின் இயந்திரத்தின் வீச்சைக் குறுக்கியே டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1950களின் பிற்பகுதியில் நிசானுக்கு 988 கனசென்ரிமீற்றர் இயந்திரம் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். மைனருக்குள் நிசான் இயந்திரம் ஏறியது மருமகன் மாமன் வீட்டுக்கு வந்ததைப் போன்றதுதான். டீசலும் அப்படியே: 1960களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போட்டும் தொழிற்சாலையிலிருந்தே 1489 கனசென்ரிமீற்றர் டீசல் இயந்திரத்தோடும் விற்கப்பட்டன.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இந்தக் குடும்பத்தின் கிளை ஒன்று நீண்டகாலம் வாழ்ந்தது. ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசையின் உடலைக் கொண்டு கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர், பல தசாப்தங்களாகக் கேம்பிரிட்ஜின் அதே 1489 கனசென்ரிமீற்றர் இயந்திரத்தில் ஓடியமையால், இங்கிலாந்தில் செய்வதை நிறுத்திய பாகங்கள் இந்தியாவில் புதிதாகவே வந்துகொண்டிருந்தன. மைனருக்கு இலங்கையே பாகம் செய்தது. காரை எறியாமல் காலமெல்லாம் பேணலாம் என்று வாதாடிய, இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தின் சார்ல்ஸ் வெயார், 1990களின் தொடக்கத்தில் இலங்கைக் கூட்டாளியோடு சேர்ந்து தென்னிலங்கையில் மைனரின் உடற்தகடுகளைச் செய்வித்துப் பிரித்தானியாவுக்கு அனுப்பினார். தெற்கில் புதுத் தகடு அடித்து ஏற்றுமதியான அதே ஆண்டுகளில், வடக்கில் எண்ணெய்ப் பீப்பா வெட்டப்பட்டது.

வீட்டிலேயே செய்யப்படும் மேம்பாடுகளில் மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் மின்னமைப்பு மாற்றம். அக்காலத்துப் பிரித்தானியக் கார்களில் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவிகள் யாவும் எதிர்முனை உடலோடு இணைந்திருப்பதை எதிர்பார்ப்பவை. ஆகவே டைனமோவுக்குப் பதில் ஓல்ரனேற்றர் பொருத்தும்போது இணைப்பைத் தலைகீழாக்கி, பழைய கருவிகளின் முனைகளையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். மறந்தால் புது ஓல்ரனேற்றர் முதல் கணத்திலேயே கருகும். 1961க்கு முந்திய மைனர்களில், கதவுத் தூணுக்குள்ளிருந்து சிறு கை ஒன்று வெளியே எழுந்து திரும்பும் திசையைக் காட்டும் கைகாட்டி இருந்தது. மின்னும் விளக்குகள் வந்த பின் அந்தத் துளையைத் தகரத்தால் அடைத்துவிட்டவர்கள் பலர். இன்று அதே துளையை மறுபடி திறந்து கைகாட்டியைத் தேடிப் பொருத்துவதும், மின்னும் விளக்கையும் சேர்த்தே வைத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன.

புதுக்குவோர் முன்னுள்ள கேள்வி இங்கேதான் கடினமாகிறது. கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலைக்கே திரும்ப வேண்டும் என்பது மேற்கத்திய அளவுகோல். அதன்படி, இரட்டைக் கஸ்கற்றைக் கழற்றி, பீப்பாத் தகரத்தை வெட்டி எறிந்து, மண்ணெண்ணெய்க்கெனத் தனியே இட்ட சிறு தாங்கியையும் குழாயையும் அகற்றினால், கையில் இருப்பது 1952இல் இங்கிலாந்தில் செய்த ஒரு கார் மட்டுமே. அது போன்றவை இங்கிலாந்தில் இன்னும் ஆயிரக்கணக்கில் உண்டு. மண்ணெண்ணெய்க் குழாய் உள்ள கார் வடக்கில் மட்டுமே உண்டு. அதை ஓடவிடத் தேவையில்லை, ஆனால் கழற்றியதை எறியாமல் பெட்டியில் இட்டு வைப்பதாவது முறை. கொழும்பிலிருந்து வடக்கின் பழைய கார்களைத் தேடி வருபவர்களுக்கு இது பொருட்டில்லை. திருமண வாடகைக்கு வெள்ளையடித்து ரிப்பன் கட்டப்படும் மைனருக்கும் இது பொருட்டில்லை.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் ஓடக்கூடிய எந்தக் காருக்கும் விலை ஏறியதால், கோழிகள் அடைந்த கூடாகக் கிடந்த ஒஸ்ரின்கள்கூட வெளியே இழுக்கப்பட்டன. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பழைய மண்ணெண்ணெய் வித்தையை நினைவுகூர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததும் அந்தக் கணக்குப் பொருளற்றதாகிவிட்டது.

அடம்பன் பக்கத்துக் கார்களைப் புதுக்குவோருக்கு விலையைவிடப் பெரிய தடை கடதாசியில் இருக்கிறது. இலங்கையில் ஒரு வாகனத்தின் உரிமை, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உள்ள இயந்திர இலக்கத்தோடும் சேசிஸ் இலக்கத்தோடும் பிணைந்தது. இயந்திரத்தை மாற்றினால் அனுமதி பெற்றுப் பதிவிலும் மாற்ற வேண்டும். தடைக்காலத்தில் கையில் கிடைத்த இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டியவர்கள் அதைச் செய்திருக்க வழியில்லை. இடப்பெயர்வில் வீட்டோடு பதிவுப் புத்தகமும் போனவர்களும் உண்டு. ஆகவே இப்பகுதியில் வண்டி கழற்றப்படும்போது முதலில் தேடப்படுவது உக்கிய தகடு அன்று. இயந்திர அறையின் சுவரில் தறையப்பட்டிருக்கும் சிறிய அலுமினியத் தகட்டை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, அதில் பொறிக்கப்பட்ட சேசிஸ் இலக்கம் இன்னும் வாசிக்கக் கூடியதாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே, மீதி வேலைக்குச் செலவிடுவதா இல்லையா என்பது தீர்மானிக்கப்படுகிறது.